பன்னிரண்டு குழிகள்

மின்கம்பிக்குக் கீழே முளைத்ததாகப் பார், என்றான் ஊர்மாஸ்.
அதை எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள்.
வனத்துறைக்குக் கைபேசியிலேயே பணம் கட்டியாயிற்று.
இரண்டு மீட்டர் வரை ஒரு விலை,
அதற்கு மேல் வேறு விலை.
நாங்கள் இரண்டு மீட்டர்காரர்கள்.

காட்டில் எந்த மரமும் சின்னதுதான்.
தார்த்துவில், எங்கள் மரவீட்டின் மாடியில்,
அதே மரம் வாசலிலேயே சண்டைக்கு நின்றது.
கொக்கியில் கிடந்த தொப்பிகளைத் தட்டிவிட்டு
ஒருவழியாக உள்ளே வந்து நிமிர்ந்தால்
கூரைக்கு ஒரு சாண் அதிகம்.

தலையை வெட்டுவதா, காலை வெட்டுவதா?
போன வருடம்வரை இந்தக் கேள்விக்கு
அவன் ஒரு வீட்டில் ஒரு பதில் வைத்திருந்தான்,
நான் வேறு வீட்டில் வேறு பதில்.
இருவரும் மரியாதையாக
"நீயே சொல்" "நீயே சொல்" என்று நின்றோம்.
பூட்ஸைக்கூடக் கழற்றாமல், தரையில் பனி உருக,
"தலையை வேண்டாம்" என்றான் கார்ல்-ஏரிக்.
ஒன்பது வயது.
வாரம்விட்டு வாரம் எங்களோடு இருப்பவன்.
குளிர்பெட்டியைத் திறக்கவும் என்னிடம் அனுமதி கேட்பவன்.

நான் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.
ஊர்மாஸ் ரம்பம் இழுத்தான்.
கீழ்க்கிளை மூன்றும் போயின,
ஒரு வட்டத் துண்டு உருண்டு சோபாவுக்கடியில் ஓடியது.
கையெல்லாம் பிசின். சோப்புக்கு மசியவில்லை.
"வெண்ணெய் தடவுங்க," என்றான் பையன்,
"அம்மா அப்படித்தான் செய்வாங்க."
தடவினேன். போய்விட்டது.
நான் பார்த்தே இராத அந்தப் பெண்ணிடம்
இப்படி ஒரு சிறு கடன் பட்டேன்.

என் பெட்டியில் கண்ணாடி ராக்கெட் ஒன்று,
கவ்வியோடு ஒரு கண்ணாடி மக்காச்சோளம்.
நான் பிறந்த நாடு இப்போது இல்லை,
அதன் மக்காச்சோளம் இருக்கிறது.

அவர்கள் கொண்டுவந்தது ஒரு முட்டை அட்டை.
பன்னிரண்டு குழி.
ஏழில் பஞ்சு சுற்றிய ஏதோ இருந்தது,
ஐந்து காலி.
"இங்கே ஆந்தை," என்று குழியைத் தொட்டான் பையன்.
"அது அம்மா வீட்டில்.
இது நீலக் குண்டு, அதுவும் அங்கே.
இது மூக்குடைந்த பனிமனிதன்..."
ஊர்மாஸ் எழுந்து, தேவையில்லாமல்,
மெழுகுவத்திக்காக வைத்த வாளியில்
இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினான்.

நாளை சந்தையில் ஐந்து வாங்கலாம் என்று
என் நாக்கு நுனிவரை வந்தது.
நல்லவேளை, வாயில் இஞ்சி பிஸ்கட் இருந்தது.

பிறகு அவன் மாட்ட ஆரம்பித்தான்.
என் ராக்கெட்டை உச்சிக்குப் பக்கத்தில்,
அவன் செய்த வைக்கோல் ஆட்டைச் சற்றுத் தள்ளி.
ஜன்னல் பக்கம் நல்ல கிளை ஒன்று,
அகலமாக, வளைவில்லாமல்.
மக்காச்சோளத்தோடு அதனிடம் போனேன்.
"அங்கே வேண்டாம்," என்றான்.
கோபமில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்கு
ஆள் வருகிறது என்பதுபோலச் சொன்னான்.
இப்படி ஐந்து இடம் விட்டான்.
தள்ளி நின்று பார்த்தான்,
ஒன்றை மட்டும் ஒரு கிளை கீழே மாற்றினான்:
காலியை.

மரம் பார்க்க அப்படியொன்றும் அழகாயில்லை.
இடப்பக்கம் சாய்வு; மீன்பிடி நரம்பால்
ஜன்னல் பிடியில் கட்டியிருக்கிறது.
தெருவிலிருந்து பார்ப்பவர்கள்
பொருள் போதவில்லை போலும் என்பார்கள்.

இரவு மெழுகுவத்திகளை அணைக்க நான்தான் போனேன்.
ஒன்பதையும் ஊதினேன். புகை வாசம்.
திரைச்சீலையை இழுக்க
மரத்துக்கும் சுவருக்கும் நடுவே நுழையவேண்டியிருந்தது.
இருட்டில் வயிற்றை எக்கி,
தோளைச் சாய்த்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன்,
ஆந்தைமேல் இடித்துவிடாமல்.