கதவு

மேசை மேல் போர்வை போட்டாயிற்று. கூடாரம் தயார்.
சோந்தோர் அப்பா, மிச்சித்மா அம்மா,
நேற்றுவரை குதிரையாயிருந்த பில்கூன்
இன்று பாப்பா,
நன்றாக அழுகிறான் என்பதால்.

எர்தெனெத்துக்குக் குடிவந்து மூன்றே நாள்.
இடது காலில் வலது பூட்ஸுடன்
எனெரெல் பக்கத்தில் வந்து நிற்கிறாள்.
"நானும்?"

தலைகள் மூன்றும் போர்வைக்குள் போகின்றன.
வெகுநேரம் குசுகுசு.
அடுப்பு இருக்கிறது, ஆடு இருக்கிறது,
நாய்கூட இருக்கிறது, பஞ்சு பிதுங்கிய நாய்.

"கதவுதான் இல்ல.
நீ கதவா இரு."

கதவு தெற்கு பார்த்து நிற்க வேண்டும்.
ஆள் வந்தால் விலக வேண்டும்,
போனதும் மூடிக்கொள்ள வேண்டும்.
பேசவே கூடாது.
கிறீச் மட்டும்
அவளாகச் சேர்த்துக்கொண்டது.

ஓயுனா டீச்சர் குறிப்பேட்டில் எழுதுகிறார்:
எனெரெல். ஓரமாக, தனியாக. நாற்பது நிமிடம்.

ஜன்னலில் உறைபனி.
உள்ளே பால்தேநீர் கொதிக்கிறது,
அதாவது, காலிக் குவளைகள் சுற்றிவருகின்றன.
கதவுக்கும் ஒன்று.
குடித்துவிட்டுக் கதவு சொன்னது:
"உப்பு பத்தல."

"கதவு பேசாது!" சோந்தோர் கத்தினான்.

பாப்பா அழுகையை நிறுத்தியது.
"எங்க கதவு பேசும்."

சாயங்காலம்
நான்காம் மாடி, இருட்டுப் படிக்கட்டு,
சாவியைத் தேடியபடி அம்மா கேட்கிறாள்,
"இன்னைக்காவது யாராவது சேர்த்துக்கிட்டாங்களா?"

நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போய்
திரும்பி நின்று
கைகளை ஒட்டிக்கொண்டு
எனெரெல் மெல்ல விலகுகிறாள்.

கிறீச்.