உள்ளே என்ன சரக்கு

என்னிடம் மொத்தம் மூன்று பெட்டி.
ஒன்று அயனாவரத்தில், ஒன்று கொருக்குப்பேட்டையில்.
மூன்றாவது, போன மாசம்தான் கேஸ் ஏற்றியது,
புளியந்தோப்பில் ஒரு சந்துக்குள்
ராத்திரி பத்தே காலுக்கு நின்றுவிட்டது.

பையன் போனில் சொன்னது இவ்வளவுதான்:
"அண்ணே, கண்ணாடில தண்ணி கோக்குது."

அக்னி நட்சத்திரம், ஒன்பதாம் நாள்.
மஸ்கட்டிலிருந்து மகள் வந்து சேரக் காலை ஆறரை ஆகும்.
எட்டு மணி நேரம் என்பது
வாடகைக்கு ஒரு கணக்கு,
உடம்புக்கு வேறு.

கம்பெனிக்கு அடித்தேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது.
வீட்டு உபயோகமா, வணிக உபயோகமா?
வணிகம்.
பதிமூன்று இலக்கத்தில் ஒரு புகார் எண்.
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
எங்கள் பொறியாளர் உங்களைத் தொடர்புகொள்வார்,
இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.

ஓட்டேரி சபாபதி, வீட்டு ஃப்ரிட்ஜ் என்றால் வருகிறேன் என்றார்.
ரிச்சி தெருக்காரன் அணைத்து வைத்திருந்தான்.
வில்லிவாக்கத்து ஆள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு
"அந்தப் பெட்டியா?" என்றான்.
பிறகு அவனுக்கு டவர் கிடைக்கவில்லை.

கடைசியில் பெரம்பூர் பேக்கரிக்காரர் ஒரு நம்பர் கொடுத்தார்:
சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில்
ஐஸ் ரூம் பார்க்கிறவன். எத்திராஜ். தூங்கமாட்டான்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"எத்தினி லிட்டர்?"
ஆறரை அடி என்றேன்.
"கம்ப்ரசர் ஓடுதா, ஃபேன் மட்டுமா?"
ஃபேன் மட்டும்.
"உள்ள இன்னா சரக்கு? மீனா, ஐஸ்கிரீமா?"

பதினாறு வருஷத் தொழிலில்
யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை.
"ஆள்" என்றேன்.

யாரென்று கேட்கவில்லை.
எந்தத் தெரு என்று கேட்டான்.

கால் நடுவில் டூல்ஸ் பையோடு மொபெட்டில் வந்தான்.
பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தாண்டி,
செருப்பை வாசலில் விட்டு,
பெட்டியின் தலைமாட்டில் குந்தினான்.
டார்ச் பிடிக்க ஆள் கேட்டதும்
பக்தவச்சலம் எழுந்து வந்தார்.
இறந்தவளின் கணவர்.

அவர் கையிலிருந்த வெளிச்சம்
அடிக்கடி கண்ணாடிப் பக்கம் போய்விட்டது.
ஒவ்வொரு முறையும் எத்திராஜ்
அவர் மணிக்கட்டைப் பிடித்து
மெதுவாக மோட்டார் பக்கம் திருப்பி வைத்தான்.

பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னான்:
"மேளத்த கொஞ்சம் நிறுத்துப்பா. சத்தம் கேக்கணும்."

மேளம் நின்றது.
மேளம் நின்றதும் ஒப்பாரியும் நின்றது, தானாக.
ஸ்க்ரூடிரைவரின் நுனி கம்ப்ரசரில்,
பிடி அவன் காதில்.
ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஒரு மோட்டாருக்குக் காத்திருந்தது.

டிக்.
ஒன்றுமில்லை.
டிக்.

"ரிலே போயிடிச்சி."
சட்டைப்பையிலிருந்து புதிது ஒன்றை எடுத்தான்.
விடிந்தால் ஏதோ ஒரு குல்ஃபி கடைக்குப் போகவேண்டியது.

முதலில் ஒரு உதறல்.
அப்புறம் அந்த முனகல், சீராக.
யாரோ ஒரு பெண் "அப்பாடா" என்றாள்,
சொன்ன வாயைப் பொத்திக்கொண்டாள்.
ஒப்பாரி விட்ட வரியிலிருந்து தொடங்கியது.

பணத்தை நீட்டினேன். கையை உள்ளே இழுத்துக்கொண்டான்.
"சாவு வூட்டு வாசல்ல வேணாம். நாளைக்குக் குடு."
கிளம்பும்போது ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கினான்.
எனக்குத் தெரியும், என் தொழிலிலும் அது உண்டு.
மறுபடி ஏதாச்சும்னா கூப்பிடுங்க.
எல்லா வீட்டிலும் சொல்வது,
இங்கே சொல்லக்கூடாதது.

ஆறு நாற்பதுக்கு மகள் வந்தாள்,
விமான நிலையத்துச் சீட்டு பெட்டியில் தொங்க.
கண்ணாடிமேல் கை வைத்தாள், உடனே எடுத்தாள்.
கூட்டத்தில் என்னை எப்படிக் கண்டுபிடித்தாளோ,
நேராக வந்து கேட்டாள்:

"அம்மாவுக்கு ஃபேன் காத்தே ஆகாதுங்க.
கொஞ்சம் கொறைக்க முடியுமா?"

குனிந்தேன்.
குமிழில் விரல் வைத்தேன்.
திருப்புவதுபோல்
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.