இரவல் கொடி

பத்தொன்பது கோடையாக
சனிக்கிழமை இரவுகளில்
பச்சைக் கொடி என் கையில்தான்.
மற்ற நாள்களில் மர ஆலையில் பலகை எண்ணுகிறவன்;
என்னைக் கேட்டு யாரும் எதையும் தொடங்குவதில்லை.
இங்கே மட்டும்
இருபத்திரண்டு இன்ஜின்கள்
என் மணிக்கட்டைப் பார்த்து உறுமும்.

"இன்னைக்கு மட்டும் விட்டுக்கொடு, ஆர்வோ.
ரபிடூ வர்றான்" என்றார் முதலாளி.

வடக்கு ஒண்டாரியோவில் ரபிடூவைத் தெரியாதவர் யார்?
காலை உணவு டப்பாவில் அவன் படம்:
தலைக்கு மேல் கோப்பை,
முன்பல் நான்கும் போன சிரிப்பு.
எங்கள் பிள்ளைகள் பல் விழுந்தால் அழுவதில்லை,
கண்ணாடிக்கு ஓடுவார்கள்.

வந்தவன் வேறு யாரோ.
இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை,
வரிசை தப்பாத பளிங்குப் பற்கள்.
ஒலிபெருக்கியில் மர்ரே அவன் பெயரை
உருட்டி உருட்டி உச்சரித்தான்.
பலகை இருக்கைகளில் அங்கொன்று இங்கொன்றாகக் கைதட்டல்;
கொசு அடித்ததாகவும் இருக்கலாம்.
"இன்ஷூரன்ஸ் விக்க வந்தவனா?" என்றது
உருளை வறுவல் வரிசையில் ஒரு குரல்.

அவன் நின்றான்.
முதுகைத் திருப்பிக்கொண்டு
வாயிலிருந்து எதையோ கழற்றிச்
சட்டைப் பையில் போட்டான்.
திரும்பிச் சிரித்தான்.

அந்த ஓட்டையைக் கண்டதும்
எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம்!
இன்ஜினே இன்னும் போடவில்லை.

என் கூண்டுக்குப் பதினொரு படி ஏணி.
அவன் வலது முழங்கால் மடங்கவில்லை.
ஒவ்வொரு படிக்கும் இடது கால் முதலில்,
வலது கால் பின்னால், இழுபட்டு.
நான் கை நீட்டவில்லை.
பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொடியை வாங்கி எடை பார்த்தான்.
"கம்பு வழுக்குது."
பின்பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து,
என்னைக் கேட்காமலே
கைப்பிடியில் சுற்றினான், நுனியில் ஒரு குமிழ் வைத்து.
முன்னால் கடிக்க வழியில்லை;
கடைவாயில் வைத்துக் கிழித்தான்.

"தப்பு பண்ணினா இங்கேயும் பெட்டியில் உட்கார வைப்பீங்களா?"
"கறுப்புக் கொடி காட்டுவோம்."
"எத்தனை நிமிஷம்?"
"நிமிஷமா? அன்றைய ஆட்டமே அவ்வளவுதான்."
"கொடுமை" என்றான்,
தண்டனைப் பெட்டியில் ஆயுளில் ஒரு முழு நாள் கழித்தவன்.

அளவுக்கு அதிகமாகவே வீசினான்.
பக்கை அடிக்கிற தோள் அது, கொடிக்கு ஏற்றதல்ல.
கூண்டு குலுங்கியது, தார் குலுங்கியது,
ரப்பரும் பெட்ரோலும் முகத்தில் அறைந்தன.
இடது, இடது, மறுபடி இடது.
கண் கொட்டாமல் பார்த்தான்,
கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம்
முதல்முறை நிறுத்தப்பட்டவன் போல.

பதினான்காம் சுற்று.
மூன்றாம் வளைவில் முப்பத்தொன்று சுழன்றது;
சுவரில் மோதி, வந்த திசையையே பார்த்து நின்றது.
டோரிஸ் கோஸ்கெலா.
குளிர்காலம் முழுக்க எங்கள் அரங்கில்
பனி மெழுகும் வண்டியை
ஆமை வேகத்தில் ஓட்டுகிறவள்.
அவனுக்கு அது தெரியாது.
நான் மஞ்சளை உதறினேன்.
அவன் விரல்கள் கம்பி வலைக்குள் நுழைந்து இறுகின.

புகை.
புகைக்குள் ஒன்றும் அசையவில்லை.

பிறகு ஜன்னல் வலை கீழே விழுந்தது;
'எனக்கு ஒன்றுமில்லை' என்பதற்கு
எங்கள் ஊர்ச் சைகை.
நான் சொல்வதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது.
கொடிக்கம்பைத் தலைகீழாகப் பிடித்து
இரும்புக் கைப்பிடியில் தட்டினான்:
டொக். டொக். டொக்.
பனியில் விழுந்தவன் எழும்போது
மட்டைகள் தட்டும் தட்டு,
எதிரணி மட்டைகளும் சேர்ந்து.
கீழே பழுதுபார்க்கும் இடத்தில் எவனோ
ஸ்பானரால் பதில் தட்டினான்.
அப்புறம் இன்னொருவன்.

நசுங்கிய மூக்கோடு கடைசியாக முடித்தாள் டோரிஸ்.
அதைப் பார்க்க அவன் இல்லை.
விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம்.
படி இறங்க இன்னும் நேரம் பிடித்தது.
இம்முறை தோள் கொடுத்தேன்.

அந்த டேப்பை உரித்தெறிய
இரண்டு சனிக்கிழமை நகம் வைத்துப் பார்த்தேன்.
மூன்றாம் வாரம் மழை.
சொன்னால் என்ன,
வழுக்கவில்லை.