ஐந்துக்கு எத்தனை

காலை ஒன்பது மணிக்கு வரிசையில் நிற்கிறார்கள்,
சட்டையில்லாமல், கைகளைத் தலைக்குமேல் தூக்கி,
யாரோ துப்பாக்கி நீட்டியதுபோல்.
என் மூக்குதான் நீட்டப்பட்டிருக்கிறது.

பத்து நாள் எதுவும் பூசாமல் வந்தவர்கள்.
இடது அக்குளில் புதுத் தயாரிப்பு, வலதில் ஒன்றுமில்லை.
ஒரு சாண் தள்ளி நின்று முகர்ந்து
பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை எண் போடவேண்டும்.
ஹென்னிங், பேருந்து ஓட்டுகிறவன்: வெங்காயம், நான்கு.
தோர்பென்: நனைந்த அட்டைப்பெட்டி, இரண்டரை.
டோர்தே, துறைமுகக் கணக்கர்: சீரகம்.
பேனா நின்றுவிட்டது. எனக்குப் பிடித்திருந்தது.
பிடித்ததற்குப் படிவத்தில் கட்டமில்லை.

வியர்வைக்கு வாசனை கிடையாது
என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
தோலில் குடியிருக்கும் கிருமிகள்
அதைத் தின்றுவிட்டு விடும் ஏப்பம் அது.
அந்த ஏப்பத்துக்காகத்தான்
ஹாம்பர்க் ரயில்களில் ஓர் இருக்கை தள்ளி உட்காருகிறோம்.

போன செவ்வாய் விடுப்பு. மார்புப் படம் எடுக்கப் போனேன்;
ஐம்பது முடிந்ததும் கடிதம் வந்துவிடுகிறது.
குளிர்ந்த தட்டு. மூச்சை அடக்குங்கள்.
திரையில் அக்குளோரமாக வெள்ளைக் குருணைகள்.
படமெடுத்த பெண் கேட்டாள்:
காலையில் ஏதாவது பூசினீர்களா, வீப்கே?

பூசியிருந்தேன்.
வேலை நாளில் கூடாது, விடுப்பில் பூசலாம்.
எங்கள் தயாரிப்புதான். ஊழியருக்குப் பாதி விலை.

ஈரத்துணி தந்தாள். துடைத்தேன்.
மறுபடம் வருவதற்குள் நான்கு நிமிடம்.
அலுமினிய உப்பைப் பற்றிப் பயந்து அழைப்பவர்களுக்கு
எங்கள் அலுவலகம் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம்:
இதுவரை நடந்த ஆய்வுகளில் உறுதியான தொடர்பு காணப்படவில்லை.
பொய்யில்லை. நானே நம்புகிறேன்.
ஆனால் அந்த 'இதுவரை'யை
அன்றுதான் ஒரு சாண் தூரத்தில் முகர்ந்தேன்.

உப்புதான், என்றாள். வேறொன்றுமில்லை.

ரவிக்கையை மாட்டும்போது பழக்கதோஷம், தலை திரும்பியது.
வெயிலில் ஊறும் வியர்வை வேறு, பயத்தில் ஊறுவது வேறு;
இதில் பழைய வெங்காயமும்
நாக்கில் வைத்த ஆணியும்.

வீடு திரும்பும் ரயிலில் உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன்.
பக்கத்தில் நின்ற பையன் மெல்ல, மரியாதையாக,
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான்கரை, தம்பி.
குறைத்துப் போடாதே.