சுண்ட்பி கடைப் பேரேடு

தானிய எலிவேட்டருக்கும் ரயில் கேட்டுக்கும் நடுவே
எங்கள் ஊருக்கு இருந்தது ஒரே தெரு.
சஸ்காச்சுவானில் அப்படி நூறு ஊர்.
அதில் எதிரெதிரே இரண்டு கடைகள்.
தெற்கில் தோர்வால்ட் சுண்ட்பி: ஃப்ரிட்ஜ், அடுப்பு,
வாஷிங் மெஷின், பின்னாளில் டிவி.
வடக்கில் ஓரெஸ்ட் ஹிரின்கிவ்: அதே சாமான்கள், வேறு கம்பெனி,
கூடவே ரேடியோ ரிப்பேர்.
இருவரும் பேசிக்கொண்டதில்லை.
ஏன் என்று கேட்டால்
பாதி ஊர் ஏணி என்றது, பாதி ஊர் நாய் என்றது.

சுண்ட்பியிடம் பதினோரு வருஷம் கணக்கு எழுதினேன்.
கடை மூடிய அன்று பேரேட்டை யாரும் கேட்கவில்லை,
எடுத்து வந்துவிட்டேன்.
பிரித்தால் இன்னும் கொஞ்சம் கிரீஸ் வாசனை.

பக்கம் முப்பத்திரண்டு:
ஆன்யா பவ்லிஷின், ஃப்ரீஸர் ஒன்று, பெரியது.
அவள் பண்ணைக்குக் கரண்ட் வர இன்னும் பதினான்கு மாதம்.
அதுவரை அதற்குள் வைத்துப் பூட்டினாள்
கல்யாண உடுப்பை, நிலப் பத்திரத்தை,
எலிக்குத் தப்பிய விதைப் பட்டாணியை.
கரண்ட் வந்த பிறகும்
உடுப்பை வெளியே எடுக்க மனமில்லை.
இன்னொரு ஃப்ரீஸர் வாங்க வந்தாள். பக்கம் நாற்பத்தொன்று.

ஆலங்கட்டி அடித்த வருஷத்தில்
வரவுக் கட்டங்கள் வெறுமனே கிடக்கின்றன.
ஒருவர் தவணைக்குப் பதில் இரண்டு வாத்து கொண்டுவந்தார்.
வாத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?
‘இதர’ என்று எழுதினேன்.
இதர, ஞாயிறு வரை கொல்லையில் கத்திக்கொண்டிருந்தது.

எழுதாத வரியும் ஒன்று உண்டு.
சுண்ட்பியின் மனைவி இங்கெபோர்
மாவு பிசையும் மெஷினை எதிர்க் கடையில் வாங்கினாள்,
பின்வாசல் வழியே, ரொக்கமாக.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
மறுவாரம் என் மேசைமேல் ஏலக்காய் ரொட்டி ஒன்று.
மெத்தென்று இருந்தது.
மோசமான மெஷின் என்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை ராத்திரிகளில் ஹாக்கி.
எங்கள் ஜன்னலில் டிவி ஓடும்,
சத்தம் கண்ணாடியைத் தாண்டாது.
ஹிரின்கிவ் வாசலுக்கு மேலே ஒலிபெருக்கி, ரேடியோ வர்ணனை.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி.
நடுத்தெருவில் நின்றோம்,
கண் தெற்கே, காது வடக்கே.
யார் செய்த கோளாறோ,
ரேடியோக்காரர் கோல் என்று கத்தும்போது
படத்தில் வட்டு இன்னும் பனியில் ஓடிக்கொண்டிருக்கும்.
அந்த அரை நொடி
முன்கூட்டியே குதிப்போம்.

ஒரு ராத்திரி ஒலிபெருக்கி பாதியில் செத்தது.
வால்வு போயிருக்கும்.
சுண்ட்பி கோட்டு இல்லாமல் வெளியே வந்தார்,
எதிர்ப்பக்கம் பார்த்தார்,
உள்ளே போய் டிவியை அணைத்தார்.
கூட்டம் கத்தியது. யாரோ கதவை உதைத்தார்கள்.
எதிரே வால்வு மாற்றி, கரகரத்து, குரல் திரும்பியது.
எங்கள் ஜன்னலிலும் வெளிச்சம் வந்தது.
இதைப் பற்றி அவர்கள் இருவரும்
ஒரு வார்த்தை பேசியதாக எனக்குத் தெரியாது.

போன நவம்பரில் ஒரு கடிதம்.
கடைக்கு எழுதியது, தபால்காரப் பெண் என்னிடம் தந்தாள்.
வாசில் டனிலுக், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாராம்.
பக்கம் நூற்றேழு: ஃப்ரிட்ஜ், பாக்கி நான்கு டாலர்.
உள்ளே செக், கடையின் பெயருக்கு.
கடை இருந்த இடத்தில் பனி வாரும் வண்டி நிற்கிறது;
அந்தச் செக்கை எந்த பேங்கும் மாற்றாது.
பேனா காய்ந்திருந்தது.
பென்சிலால் எழுதினேன்: வரவு.

கடிதத்தின் அடியில் ஒரு கேள்வி.
கதவு ரப்பர் தளர்ந்துவிட்டது, புதிதாக ஒன்று கிடைக்குமா?
மாடல் நம்பர் எழுதி, இரண்டு தரம் கோடிட்டிருக்கிறார்.
ஃப்ரிட்ஜ் இப்போது நிலவறையில் இருக்கிறதாம்,
தூண்டில் புழுக்களுக்கு.
எல்லாம் உயிரோடு இருக்கின்றனவாம்.