தனிச்சட்டி

கராமா சூப்பர்மார்க்கெட்டின் கடைசிக் கதவு.
'முஸ்லிம் அல்லாதோருக்கு' என்ற பலகைக்குக் கீழே
கொஞ்சம் குனிந்துதான் நுழைகிறேன்,
வாசல் என்னவோ உயரம்.

ஒரு கிலோ, தோலும் கொழுப்புமாய்.
இரண்டு பை சுற்றித் தந்தாள் பிலிப்பைன்ஸ்காரி.
மெட்ரோவில் மடியில் வைத்திருந்தேன்
யாரோ பிடிக்கச் சொல்லிப் போன
பச்சைப்பிள்ளையைப் போல.

உவைஸுக்கு இரவு ஷிப்ட், வர விடிந்துவிடும்.
இதற்கென்றே வாங்கியவை
இந்தச் சட்டி, இந்தக் கரண்டி, இந்தப் பலகை.
மற்ற நாளெல்லாம் என் கட்டிலுக்கடியில்
சூட்கேஸோடு கிடக்கும்.

வற்றல் பதினெட்டு, பூண்டு ஒரு கை,
சீரகம், மிளகு, பட்டை
எல்லாம் வினிகரில் ஊறியாயிற்று.
இனி மிக்ஸியில்...
மிக்ஸி அவனுடையது.
ஏழாம் மாடியில் அம்மிக்கு எங்கே போக?
பாட்டில் அடியால் இடித்தேன், ஒரு மணி நேரம்.
காரம் விரலில் ஏறி
விரலிலிருந்து கண்ணுக்குப் போனது.

கொழுப்பு உருகிச் சிவப்பாய் மேலே மிதந்தபோது
சாவி திரும்பும் சத்தம்.
'மெஷின் ரிப்பேர். சீக்கிரமே விட்டுட்டாங்க.'
மூடியைத் தேடினேன்.
சட்டி வாங்கிய அன்று
மூடி வாங்கவில்லை.

மூக்கை ஒருமுறை உறிஞ்சினான்.
ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்க்
கதவைச் சாத்திக்கொண்டான்.
எக்ஸாஸ்ட் விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பத்து நிமிடம் இருக்கும்.
கதவுக்குப் பின்னாலிருந்து குரல்:
'ஏலே டென்சிங்,
வினிகர் பச்ச வாடை இன்னும் போவல.
தீயைக் குறைச்சி வை.'

குனிந்து பார்த்துக் குறைத்தேன்.