வரம்போர வரிசை

தட்டுக்கு மூன்று கயிறு.
ஒன்றில் நாலு விரலுக்கு ஒரு முடிச்சு,
அடுத்ததில் சாணுக்கு ஒன்று,
கடைசிக் கயிற்றில் முழத்துக்கு ஒன்று.
முடிச்சு தொட்ட இடத்தில் ஒரு நாற்று.
"கயிறு பொய் சொல்லாது" என்றான் மருதை.
முடிச்சுப் போட்டது நான்.

வெலிமடைக்குக் கீழே ஓயா வளைகிற இடத்தில்
கருணாவதி நோனாவின் குத்தகை வயல்.
ஏழரை வரை மலையின் நிழல்,
மூன்று மணிக்கே மூட்டம் இறங்கிவிடும்.
நடுவில் கிடைக்கிற வெயிலைத்தான்
இலைகள் பங்கு போட வேண்டும்.

விவசாயப் போதனாசிரியர் ஒரு வெப்பமானி தந்திருந்தார்.
கொழுந்துக்குப் போகுமுன் ஒரு தடவை,
கூடையை இறக்கிவிட்டு ஒரு தடவை
தண்டுகளுக்குள் கையை விட்டுப் பார்ப்பேன்.

நாலு விரல் பகுதியில்
ஞாயிறு பத்து மணிக்கும் முழங்கை நனைந்தது.
உள்ளே போன காற்றுக்குத் திரும்ப இடமில்லை.
இலை வேர்த்து, அந்த வேர்வையிலேயே கிடந்தது.
லயத்துக் காம்பரா ஞாபகம் வந்தது.
கொப்பியில் இருபத்திரண்டு பாகை என்று மட்டும் எழுதினேன்.

ஐம்பதாம் நாள் எரிபந்தம்.
கண் மாதிரி சாம்பல் புள்ளிகள்.
ஓர் இலையிலிருந்து மற்றதற்கு
அது தாவக்கூட வேண்டியிருக்கவில்லை.
கதிர் என்னவோ நிறையத்தான்;
உருவினால் பாதி சப்பி.

முழத்துப் பகுதியைக் கண்டு
வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.
ஒற்றை நாற்று முப்பத்தெட்டு மட்டம் வெடித்து
இடுப்பில் கைவைத்து நின்றது.
ஆனால் வெயில் நெல்லுக்கென்று மட்டும் விழுவதில்லை.
கோரைக்கும் விழுந்தது, குதிரைவாலிக்கும் விழுந்தது.
எத்தனை பிடி பிடுங்கினேன் என்று
என் முதுகைக் கேட்க வேண்டும்.
பிந்தி வந்த மட்டங்கள்
தைக் குளிரில் பூக்க வந்து
பால் பிடிக்காமல் வெளுத்தன.

சாண் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
இலையோடு இலை தொடுகிற நேரம்
கதிர் வெளியே வந்திருந்தது. அவ்வளவுதான்.
மூன்றும் ஒரே அளவு நிலம்:
ஏழே முக்கால் கிலோ, பதினொன்று, எட்டரை.

ஆனால் நிறுக்கிறதற்கு முன்,
அறுப்பு அன்று காலையிலேயே, அவர் சொன்னார்:
"வரம்போர வரிசையை முதலில் வெட்டி ஒதுக்குங்கள்.
அதற்கு ஒரு பக்கம் அயல் இல்லை,
வெளிச்சமும் காற்றும் அதிகம்.
சேர்த்தால் கணக்கு பிழைக்கும்."

தட்டைச் சுற்றி வந்தேன்.
எல்லாவற்றையும்விடக் கனத்துத் தொங்கியது அதுதான்.
நாலு விரல் நெருக்கத்திலும்
ஓரத்தில் நின்றதில் ஒரு புள்ளி இல்லை.

அடித்து, புடைத்து, காயவைத்து
பழைய உரப்பையில் கட்டினேன்.
ஆறு கிலோ இருக்கும்.
நிறுக்கவில்லை, தூக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் குத்தி உலை வைத்தோம்.
காம்பராவில் ஏழு பேர்
முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து
கணக்கில் வராத சோற்றைத் தின்றோம்.
பாதியில் மருதை எழுந்து போய்
குளிரைப் பார்க்காமல்
கதவைத் திறந்து வைத்தான்.